தெர்மாமீட்டர் சொன்ன சேதி

பள்ளி ஆய்வகத்தில் ஒரு பீக்கர் நிறைய ஐஸ் இருந்தது. அதன் நடுவில் தெர்மாமீட்டர் நின்றது. கீழே ஸ்பிரிட் விளக்கு எரிந்தது.

"ஐஸ்கிட்ட ஏதாவது மாற்றம் தெரியுதா?" என்று விளக்கு கேட்டது.

தெர்மாமீட்டர் தன் கோடுகளைப் பார்த்தது. "பூஜ்ஜியம்தான்."

ஐந்து நிமிஷம் கழித்தும் அதே பதில்தான். விளக்குக்குப் பொறுக்கவில்லை. "நானும் எவ்வளவுதான் எரியறது? கல்நெஞ்சுக்காரி!"

"இவ திருந்தவே மாட்டா" என்று ஒத்து ஊதியது தெர்மாமீட்டர்.

ஐஸுக்கு வாங்கிய சூடெல்லாம் கரைவதற்கே சரியாகப் போனது.

கடைசியில் தெர்மாமீட்டர் கத்தியது. "ஒரு டிகிரி ஏறிட்டுது! இப்பத்தான் அவ மனசு மாறுது!"

"அப்படியா? என்ன சொல்றா, கேளு."

தெர்மாமீட்டர் முதல்முறையாகக் கோடுகளை விட்டுக் கண்ணை எடுத்தது. சுற்றிலும் தண்ணீர் மட்டும் இருந்தது.