சப்பிய கொட்டை

கிருஷ்ணகிரியில் மாம்பழத்தைக் கடையிலேயே தின்றுவிட்டுக் கொட்டையைத் திருப்பித் தர வேண்டும். கொட்டை, பழம் விற்கும் கம்பெனிக்குச் சொந்தம். வெளியே போனால் யாராவது நட்டுவிடுவார்கள்.

அன்று சவரிமுத்து என்ற முதியவர், கொட்டை வாங்கிவைக்கும் தவமணியிடம் கெஞ்சினார். "என் சம்சாரம் ஆஸ்பத்திரில கெடக்கறாம்மா. மாங்கொட்டையச் சப்பணும்னு கேக்கறா."

"சதைய மட்டும் அறுத்துக் குடு," என்றார் மேலாளர் குணாளன்.

"அவளுக்கு எதுவும் எறங்கலைங்க. சப்பினாப் போதுங்கறா."

"அப்ப இங்க கூட்டிட்டு வாங்க."

தவமணி மேலாளர் பக்கம் திரும்பினாள். "சாகப்போறவளா தோப்பு வைக்கப்போறா?" என்று கத்தி, ஒரு முழுப் பழத்தைப் பெரியவர் கையில் திணித்தாள். பழம் வாசலைத் தாண்டியதும் எச்சரிக்கை மணி அலறியது. துரத்த ஓடிய குணாளனின் சட்டையை, பெரியவர் தெருவைத் தாண்டும்வரை அவள் விடவில்லை. வேலை அப்போதே போயிற்று.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சவரிமுத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"பாதிதாம்மா சப்பினா. கம்பெனி ஆளுங்க கட்டிலுக்கே வந்து, அவ வாயிலேர்ந்து புடுங்கிட்டுப் போயிட்டானுங்க. வாயத் தெறந்தபடியே போயிட்டா."

கொட்டைக் கிடங்கின் சாவி இன்னும் தவமணியிடம்தான் இருந்தது. நேராகப் போய்க் கிடங்கைத் திறந்தாள். மூட்டை மூட்டையாக இழுத்துவந்து நடுத்தெருவில் கொட்டினாள்.

"எடுத்துட்டுப் போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "ஆளுக்கொண்ணு நட்டு வைங்க!"

முதலில் குனிந்தது கடைக் காவலாளி.