பந்துக் கூடை

பொம்மைக் கடையில், குழல்விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில், கூடை நிறையக் குட்டிப் பந்துகள் பளபளக்கின்றன. மூத்தவளின் பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப, கையைக் கடிக்காத விலையில் ஏதாவது கிடைக்குமா என்று அலசிக்கொண்டிருக்கிறார் பஸ் டிரைவர். ஒரு கையில் பம்பரம், மறு கையில் விசில். "ரெண்டுல எதும்மா?" என்கிறார். மூத்தவள் அதைப் பார்க்கவே இல்லை. "அப்பா, பாப்பாவப் பாருங்க!" காலடியில் உட்கார்ந்திருக்கும் சின்னவள், நடை பழகும் பிள்ளை, வாயைத் திறந்தபடி அவரையே பார்க்கிறாள். சத்தமே வரவில்லை. உதடு நீலம் பாரிக்கிறது. அவள் மடியில் சரிந்து கிடக்கிறது பந்துக் கூடை. எந்த மலை வளைவிலும் பதறாத அவருடைய கைகள் மரத்துப் போகின்றன. "நகருங்கண்ணே அப்படி!" கடைக்காரம்மா ஓடிவந்து குழந்தையை வாரியெடுத்து, தொடையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி முதுகில் ஓங்கித் தட்டுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. பிஞ்சுக் கால்கள் துவண்டு தொங்குகின்றன. மறுபடி தட்டுகிறார். வாசலில் யாரோ "ஐயோ" என்கிறார்கள். இன்னொரு தட்டு. எச்சிலில் நனைந்த சிவப்புப் பந்து தரையில் விழுந்து, துள்ளித் துள்ளி அலமாரிக்கு அடியில் ஓடுகிறது. அப்புறம் சின்னவள் வீறிட்டு அழுகிறாள். "அழாத பாப்பா, அழாத" என்று மூத்தவள் அவள் வாயைத் துடைக்கப் போகிறாள். குழந்தையை வாங்கிக்கொண்டே டிரைவர் சொல்கிறார்: "விடும்மா, அழட்டும். நல்லா அழட்டும்."