மாமன் பிடித்த கை

திருப்பூரில் பாதிப் பேர் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வீதியில் இறங்கினார்கள். அதன் வழியே பார்த்தால் சாக்கடை வாய்க்காலாகத் தெரியும், குப்பைமேடு பூந்தோட்டமாகத் தெரியும். பிடிக்காததைப் பார்க்காமலே வாழ்ந்துவிடலாம்.

பூவிழியின் அப்பா ஒபின்னா, நைஜீரியாவிலிருந்து பனியன் வாங்க வந்து இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியவர். அவருடைய நிறமும் சுருட்டை முடியும் மகளுக்கு அப்படியே வாய்த்திருந்தன. அவள் பிறந்ததிலிருந்து வாசற்படி மிதிக்காத தாய்மாமன் சென்னியப்பன், கண்ணாடி வாங்கிய பிறகு வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"அப்பன் சாயல் துளிகூட இல்லீங்க. அச்சு எங்கக்காதான்!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பாசத்தில் உளறுகிறார் என்று பூவிழி நினைத்தாள். மாப்பிள்ளைகூட அவரே பார்த்ததுதான்.

முகூர்த்தத்தன்று முறைப்படி அவரே அவள் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். ஓமப்புகை கண்ணைக் கரிக்க, மறுகையால் கண்ணாடியைக் கழற்றி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நெருப்பைத் தொட்டவர்போல் அவள் கையை உதறினார்.

"ஏனம்மிணி, நீ யாரு? எங்க புள்ள எங்க?"

பூவிழி மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். பெண் பார்க்க வந்த அன்றும் அவன் மூக்கைவிட்டு இறங்காத கண்ணாடி.

"நீங்களும் கொஞ்சம் கழட்டுங்க."

அவன் கை கண்ணாடி வரை போனது. அங்கேயே நின்றுவிட்டது.

பூவிழி கழுத்து மாலையைக் கழற்றி மாமன் கையில் திணித்தாள்.

"உங்க புள்ள வந்தா போட்டுவிடுங்க மாமா. ரொம்ப அழகாமே. நாந்தான் இன்னும் பார்த்ததில்லீங்க."