தேர்தல் முடியட்டும்

காவல் நிலையத்து மேசையில், மின்விசிறிக் காற்றுக்கு ஒரு வெள்ளைத்தாள் படபடக்கிறது. இன்ஸ்பெக்டர் இன்னும் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. எதிர்ப் பெஞ்சில் அக்காவும் தங்கையும். தங்கையின் கிழிந்த சட்டையை அக்காவின் சால்வை மூடியிருக்கிறது. "யாருன்னு சொன்னே?" என்று இன்ஸ்பெக்டர் மறுபடியும் கேட்கிறார். ஆளுங்கட்சி வேட்பாளரின் தம்பி என்று அக்கா மறுபடியும் சொல்கிறாள். வெளியே பிரச்சார வேன் அந்த வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டு அலறிக்கொண்டு போக, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. இன்ஸ்பெக்டர் குரலில் தேன் வழிகிறது. "தேர்தல் நேரம்மா. இப்ப எழுதினா எதிர்க்கட்சி தூண்டிவிட்டதுன்னுதான் பேசுவாங்க. உங்க பேருதான் கெடும்." "அவன் பேரு மட்டும் கெடவே கெடாதா சார்?" என்கிறாள் அக்கா. பக்கத்தில் நிற்கும் ஏட்டு சிரிப்பை இருமலாக மாற்றிக்கொள்கிறார். "ரிசல்ட் வரட்டும், நானே கூப்பிடறேன். இப்ப வீட்டுக்குப் போய் நல்லா குளிச்சுட்டு, சாப்பிட்டுத் தூங்கும்மா." என்ன ஒரு அக்கறை. குளித்தால் உடம்பிலிருக்கும் சாட்சி அத்தனையும் சாக்கடையோடு போய்விடும் என்பது பாவம், இவருக்குத் தெரியாது. தங்கை இப்போதுதான் தலைநிமிர்கிறாள். கழுத்துக் கீறலில் ரத்தம் காய்ந்திருக்கிறது. "குளிக்க மாட்டேன் சார். நீங்க எழுதற வரைக்கும் இந்தப் பெஞ்சிலயே இப்படியேதான் உக்காந்திருப்பேன். நாத்தம் தாங்க முடியலைன்னா சீக்கிரம் எழுதுங்க."