சான்றுப்பொருள்: ஒரு நண்டு

யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட அடுத்த மாதம், துறைமுகக் கிளாக்கர் பேணாட் கடதாசியில் நண்டு மடித்ததற்காகக் கைதானார்.

“இது யப்பான் வித்தை. உள்ளுக்கு இரகசியம் எழுதியிருப்பீர்,” என்று இன்ஸ்பெக்டர் சிவக்கொழுந்து நண்டைப் பிரித்தார். வெறும் கடதாசி. திரும்ப மடிக்க அவருக்கு ஏலவில்லை.

விசாரணையன்று காலை அவரே பேணாட்டை அடைத்திருந்த மறியல் அறைக்கு வந்தார்.

“நண்டில்லாமல் வழக்கில்லை, பேணாட். ஒருக்கால் மடிச்சுத் தாங்கோ.”

“அதுக்கென்ன ஐயா.”

பேணாட் மடித்து, பெட்டியில் வைத்து மூடிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் நிம்மதியாக அரக்கு முத்திரை குத்தினார்.

நீதிமன்றத்தில் நீதவான் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு கடதாசிக் கப்பல்.

“இன்ஸ்பெக்டர், சின்னனிலை மாரி வெள்ளத்திலை நானும் இதை விட்டனான். என்னையும் பிடிக்கப் போறீரோ?”