பிடிமானம்

"நாளையிலேருந்து நான் வர மாட்டேன். அந்தக் கண்ணாடிக்கார அம்மாவுக்குத் துணைக்கு வேற ஆளைப் பாருங்க" என்றார் ஓய்வு பெற்ற நில அளவையர்.

எலும்பு வலுவிழந்த முதியோருக்கான உடற்பயிற்சிக் கூடம் அது. வகுப்பு தொடங்கச் சற்று நேரம் இருந்தது.

பயிற்சி அளிக்கும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் சார், என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை. எலும்பு மேற்கொண்டு தேயலைன்னு ஸ்கேன் பார்த்துட்டு டாக்டரே சொல்லிட்டார். காடு மேடெல்லாம் சங்கிலி இழுத்து நிலம் அளந்த உடம்பு இது. இனிமே எனக்கெதுக்கு இதெல்லாம்?"

"விட்டுட்டா பழையபடி ஆயிடும் சார்."

"அதை நான் பார்த்துக்கறேன். அந்த அம்மாவை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. ஒத்தைக் காலைத் தூக்கினதும் என் தோளைப் பிடிக்கிறாங்களே, அப்பப்பா! ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிக்கிற பிடி! நான் இல்லேன்னா நேரா தரைதான்."

குரலில் அலுப்பைவிடப் பெருமையே மிகுந்திருந்தது. மணிக்கட்டு முறிந்த நாள்முதல் மகளும் மருமகனும் அவரைக் கைத்தாங்கலாகவே நடத்தி வந்தார்கள். அவரை நம்பி நிற்க மிஞ்சியிருந்தவர் அந்த அம்மாள் ஒருவர்தான்.

பயிற்சிப் பெண் உள்ளறைக் கதவை லேசாகத் திறந்தாள்.

உள்ளே கண்ணாடிக்கார அம்மாள் தனியே நின்றிருந்தார். ஒற்றைக் காலில். இரு கைகளிலும் எடைக்கட்டைகள். உடம்பில் ஓர் அசைவில்லை; வாய் மட்டும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"எப்போலேருந்து இப்படி?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியிருந்தே சார்."

"அப்போ... என் தோளைப் பிடிச்சுக்கிட்டது?"

"முதல் நாள் வாசப்படியிலேயே கால் நடுங்கித் திரும்பிப் போகப் பார்த்தீங்களே, ஞாபகம் இருக்கா? நான் ஓடி வந்து கைபிடிக்கப் பார்த்தேன். அவங்கதான் தடுத்துட்டாங்க. 'நீ போய்ப் பிடிச்சா அந்த மனுஷன் ஓடிடுவாரு. எனக்குத் துணை வேணும்னு சொல்லு, நின்னுடுவாரு'ன்னாங்க."

நில அளவையர் அந்தக் கதவை மெல்லச் சாத்தினார்.

வகுப்பு தொடங்கியது. வழக்கம்போல் தள்ளாடியபடியே அம்மாள் நில அளவையரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், எங்கே உங்க தோள்?"

அவர் தோளைக் காட்டவில்லை, கையை நீட்டினார்.

"இனிமே நான் உங்களைப் பிடிச்சுக்கறேம்மா. விழுந்துடுவேனோன்னு எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு."