ஒரு பொத்தான், ஓர் எண்

ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு அவள் பொத்தானைத் தொட்டாள்.

தொண்ணூற்றேழு.

கூடத்தில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. கணவனின் அலுவலக நண்பன் ஜெயசீலன் மனைவியோடு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். பேச்சு அவர்களுடைய புது ப்ராஜெக்டைப் பற்றிப் போயிற்று. குழம்புக் கிண்ணத்தோடு நின்றவள் ஒரு கேள்வி கேட்டாள். சும்மா இருந்திருக்கலாம்.

"உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது? போய் அப்பளத்தப் பொரி" என்றான் கணவன்.

வந்து பொரித்துக்கொண்டிருந்தாள்.

மிக்ஸிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த போன் அவன் கழித்துப் போட்டது. அதில் எப்போதும் ஒரே ஆப்தான் திறந்திருக்கும். ஒரு பொத்தான், அதற்கு மேலே ஓர் எண். தொட்டால் ஒன்று கூடும். வேறொரு வித்தையும் தெரியாது அதற்கு.

அவளே செய்தது. இணையத்தில் ஒரு பெண் நடத்தும் இலவச வகுப்பு, மூன்றாம் பாடம். அவன் கழித்துப் போட்ட லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாகப் போனுக்குள் போய், பூஜ்யம் என்று அது முதன்முதலாகக் கண் விழித்த மத்தியானம், சோறு குழைவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊருக்கெல்லாம் ஆப் செய்து தருகிற மகராசனிடம் மாலையில் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வீட்டுக்கு வந்தவன், செருப்பைக் கழற்றும்போதே வேறெதற்கோ அந்த 'எங்க புரியப்போகுது' வாக்கியத்தைச் சொன்னான்.

பொத்தானை அழுத்தினாள். அதுதான் முதல் ஒன்று.

நூறு வந்தால் கிளம்பிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். பீரோமேல் பை தயாராக இருக்கிறது. திண்டுக்கல்லில் இருக்கும் அக்கா, "எப்ப வேணா வாடி" என்று சொல்லி ஒரு வருஷமாகிறது.

இரண்டு முறை நூறை நெருங்கியும் விட்டாள். முதல் முறை தொண்ணூற்றெட்டு. அடுத்த முறை தொண்ணூற்றொன்பது.

இரண்டு முறையும் அவளே போனைக் கையில் எடுத்துப் படுக்கைவசமாகத் திருப்பினாள்.

திருப்பினால் எண் அழிந்துவிடும். திரை புரண்டதும் ஆப் பழையதை மறந்து முதலிலிருந்து தொடங்கும். புதிதாகக் கற்கிற எல்லாரும் செய்கிற தப்புதான், ஏழாம் பாடத்தில் சரிசெய்யலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தாள்.

ஏழாம் பாடத்தை அவள் நான்கு தடவை பார்த்துவிட்டாள். நன்றாகப் புரிந்தது.

சரிசெய்யவில்லை. பயம்தான், வேறென்ன சொல்வது.

தண்ணீர் எடுக்க வந்த ஜெயசீலன் மனைவி போனைப் பார்த்துவிட்டாள். திரையின் தலைப்பில் 'என் முதல் ஆப்' என்று இருந்தது.

"அய்யோ அக்கா, நீங்க செஞ்சதா?"

தடுப்பதற்குள் அதைக் கூடத்துக்கே கொண்டுபோய்விட்டாள்.

"என்னத்தம்மா எண்ணுது?" என்றான் ஜெயசீலன்.

வாயில் வந்ததைச் சொன்னாள். "குக்கர் விசில்ணா."

"தொண்ணூத்தேழு விசிலா? கறி கரைஞ்சே போயிருக்குமே!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கணவன் முகத்தையே பார்த்தாள். பரவாயில்லையே என்று ஒரு வார்த்தை. அது ஒன்று கிடைத்திருந்தால் பையை இறக்கித் துணிகளைப் பீரோவுக்குள் மடித்து வைத்திருப்பாள். அவ்வளவுதான் அவள் கேட்ட விலை.

அவன் போனை வாங்கினான். பரீட்சைத்தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி உதட்டைப் பிதுக்கினான். நிமிர்த்திப் பார்த்தான். படுக்கப் போட்டான்.

பூஜ்யம்.

"பாத்தியாடா? படுக்கப் போட்டதும் செத்துப்போச்சு!"

அவளும் சேர்ந்து சிரித்தாள். மூன்றுதான் பாக்கி இருந்தது, இப்போது மறுபடி நூறு. நெஞ்சுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அவன் அதோடு விட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் விட மனம் வருமா? லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏழெட்டு வரி தட்டினான். கேபிளைச் சொருகி ஓடவிட்டான்.

"இனிமே எப்படிப் புரட்டினாலும் போகாது. போனையே ஆஃப் பண்ணி வெச்சாலும் போகாது."

அவன் தோளுக்குப் பின்னால் நின்று அவள் வாசித்தாள். ஏழாம் பாடத்தின் அதே வரிகள். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை.

போனை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம்.

"எப்படிங்க அழியாம நிக்குது?" என்று கேட்டாள்.

அவன் நண்பனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?"

அவன் கண்ணெதிரே பொத்தானைத் தொட்டாள்.

ஒன்று.

படுக்கப் போட்டாள். தலைகீழாகப் பிடித்தாள். ஆப்பை மூடித் திறந்தாள்.

ஒன்று அப்படியே இருந்தது.

"சூப்பரா வேலை செய்யுதுல்ல?" என்றான்.

"ஆமாங்க."

இதுவரை நின்றுகொண்டே பரிமாறியவள் கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். அவனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கேள்வியைக் கேட்டாள்.